தவளைகளும் ஆண்டவரைப் போற்றட்டும்

(வானொலி அருளுரை)



ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் நம் மலையில் மாலை ஆறு மணிக்கே இருட்டிவிடும். ஆலயத்தில் மூவேளைச் செப மணி அடித்து ஓய்ந்ததும் வேறொரு சத்தம் கிளம்பும். ஓடைக்கரையில், வாழைத் தோட்டத்தில், வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் தவளைகள் கத்தத் தொடங்கும். பிள்ளைகள் "படிக்க முடியவில்லை" என்பார்கள். பெரியவர்கள் "தவளை கத்துகிறது, மழை இன்னும் விடாது" என்பார்கள். இன்றைய சிந்தனைக்கு அந்தத் தவளையையே எடுத்துக்கொள்வோம். அருளுரைக்குத் தவளையா என்று யாரும் சிரிக்க வேண்டாம். திருவிவிலியத்தில் அதற்கு இடம் உண்டு. புனிதர்களின் வரலாற்றிலும் உண்டு. நம் முன்னோர்களின் நாவிலும் உண்டு.

முதலில் நம் முன்னோர்களிடம் போவோம். குறிஞ்சி நிலத்துத் தமிழர்கள் தவளைச் சத்தத்தை இரைச்சலாக மட்டும் கேட்கவில்லை. தினைப்புனத்தில் கிளி ஓட்டும் பெண்கள் மூங்கிலால் செய்த 'தட்டை' என்னும் கருவியை அடிப்பார்கள். மலைச்சுனையில் கத்தும் தேரையின் குரல் அந்தத் தட்டையின் ஓசையைப் போல இருக்கிறது என்று குறுந்தொகைப் புலவர் ஒருவர் பாடினார். மலையில் வாழ்கிறவர்களுக்கே தோன்றக்கூடிய உவமை அது. வடமொழியில் இருக்கு வேதத்தின் ஏழாம் மண்டலத்திலும் ஒரு தவளைப் பாட்டு இருக்கிறது. ஆண்டு முழுவதும் வாய் திறவாமல் நோன்பிருந்தவர்கள் மழை வந்ததும் ஒன்றாகச் சேர்ந்து மறை ஓதுவதுபோலத் தவளைகள் குரல் எழுப்புகின்றன என்று அது வருணிக்கிறது. செபிக்கிற மனிதரைத் தவளையோடு ஒப்பிட அந்தக் காலத்தவர் தயங்கவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்வோம். இதற்குப் பிறகு திரும்பி வருவோம்.

நம் பழமொழிகளிலோ தவளைக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை. மண்ணுக்குள் ஒளிந்திருந்தாலும் கத்திக் காட்டிக்கொடுத்து, பிடிக்கிறவன் கையில் அகப்படுவதால் 'தவளை தன் வாயால் கெடும்' என்றார்கள். உலகம் தெரியாதவனைக் 'கிணற்றுத் தவளை' என்றார்கள். தாமரைக்கு அருகிலேயே பிறந்து வளர்ந்தும் அதன் தேனைச் சுவைக்கத் தெரியாதது தவளை, எங்கிருந்தோ பறந்து வந்து சுவைப்பது வண்டு என்று அறநூல்கள் சொல்லின. 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று சிகாகோ சர்வ சமய மாநாட்டில் சுவாமி விவேகானந்தர் கிணற்றுத் தவளைக் கதையைத்தான் சொன்னார். அவரவர் தம் கிணற்றையே கடல் என்று நினைத்துக்கொண்டு சண்டை போடுகிறோம் என்பது அவர் கருத்து. பஞ்சதந்திரத்தில் வரும் கங்கதத்தன் என்ற தவளை அரசன், தன் உறவினரைப் பழிவாங்கப் பாம்பைக் கிணற்றுக்குள் அழைத்து வந்தான். பாம்பு உறவினரைத் தின்று முடித்துவிட்டு அவன் குடும்பத்தின் பக்கம் திரும்பியது. சொத்துத் தகராறில் அண்ணன் தம்பிக்கு எதிராக வெளி ஆளைக் கூட்டிவரும் எந்த வீட்டுக்கும் இந்தக் கதை பொருந்தும். தென்னிந்தியாவில் பல்லாண்டுகள் மறைப்பணியாற்றிய அருள்தந்தை துபுவா பஞ்சதந்திரக் கதைகளைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து 1826-இல் பாரிசில் வெளியிட்டார். நம் கிணற்றுத் தவளைகள் அவர் வழியாகவும் கடல் கடந்தன.

ஆனால் நம் ஊர்ச் சொற்களிலேயே மிக உயர்ந்த ஒன்றும் தவளை இனத்தைப் பற்றியதுதான். 'கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் கடவுள் படியளக்கிறார்.' கடன் தலைக்கு மேல் போன வீட்டில், வேலை போன நாளில், பாட்டி இந்த வாக்கைச் சொல்லித்தான் பேரப்பிள்ளையைத் தூங்க வைத்தார். வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் பாருங்கள் என்று ஆண்டவர் மலைமேல் போதித்ததைத் தமிழ் மண் தன் வழியில் சொல்லிக்கொண்டது.

இப்போது திருவிவிலியத்துக்கு வருவோம். விடுதலைப் பயண நூலின் எட்டாம் அதிகாரத்தில் எகிப்தின் மீது வந்த இரண்டாம் வாதை தவளை. நைல் நதியிலிருந்து ஏறி வந்த தவளைகள் அரண்மனை, படுக்கையறை, கட்டில், அடுப்பு, மாவு பிசையும் தொட்டி என்று ஓர் இடத்தையும் விட்டுவைக்கவில்லை. சாலமோனின் ஞானமும் இதை நினைவுகூர்கிறது. மீனைத் தர வேண்டிய ஆறு தவளைக் கூட்டத்தைக் கக்கியது என்கிறது. ஏன் தவளை? வரலாறு தெரிந்தால் இதன் கூர்மை விளங்கும். எகிப்தியர்கள் ஹெகெட் என்ற தெய்வத்தைத் தவளை உருவிலும் தவளைத் தலை கொண்ட பெண் உருவிலும் வணங்கினார்கள். அவள் மகப்பேற்றின் தெய்வம். தலைப்பிரட்டையின் படத்தை அவர்கள் தங்கள் எழுத்தில் நூறாயிரம் என்ற எண்ணுக்கு வைத்திருந்தார்கள். நைல் பெருகும்போது தவளையும் பெருகும், வயலும் பெருகும், உயிரும் பெருகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அதே எகிப்தில்தான் பார்வோன், சிப்ரா, பூவா என்ற மருத்துவப் பெண்களை அழைத்து, எபிரேயருக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடக் கட்டளையிட்டான். மகப்பேற்றுத் தெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டே பிறந்த குழந்தையை ஆற்றில் எறியச் சொன்ன அரசன் அவன். எந்த ஆற்றில் குழந்தைகளை எறிந்தானோ, அந்த ஆற்றிலிருந்தே, பின்வந்த பார்வோனின் படுக்கைவரை தவளை ஏறி வந்தது. அந்தத் தவளைகளின் சத்தத்தில் குழந்தைகளின் அழுகுரலைத் திருநூல் நமக்குக் கேட்க வைக்கிறது என்று நாம் தியானிக்கலாம்.

இன்னொன்றையும் கவனிப்போம். பார்வோனின் மந்திரவாதிகளும் தங்கள் வித்தையால் தவளைகளை வரச் செய்தார்கள். இருந்த தொல்லையை இரு மடங்காக்க அவர்களால் முடிந்தது. ஒரு தவளையைக்கூடத் திருப்பி அனுப்ப முடியவில்லை. வேறு வழியில்லாமல் பார்வோன் மோசேயை அழைத்தான். "எப்போது உமக்காக மன்றாட வேண்டும்?" என்று மோசே கேட்டார். எவனாக இருந்தாலும் "இந்த நிமிடமே" என்றுதான் சொல்லியிருப்பான். பார்வோனோ "நாளைக்கு" என்றான். இன்னும் ஓர் இரவு தவளைகளோடு படுத்துக்கொள்ளச் சம்மதித்தான். தலைவணங்குவதை மட்டும் ஒரு நாள் தள்ளிப்போட்டான். குடியை விடுவது நாளைக்கு, பேசாத தம்பியோடு பேசுவது நாளைக்கு, ஒப்புரவு அருளடையாளம் நாளைக்கு. அந்தச் சொல் நம் வாயிலும் இருக்கிறது.

எகிப்தின் கதை அதோடு முடியவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, உரோமையர் ஆட்சிக் காலத்தில், எகிப்தில் தவளை வடிவத்தில் சிறு களிமண் விளக்குகள் செய்தார்கள். நைல் வற்றும்போது மறைந்து, வெள்ளம் வந்ததும் மீண்டும் தோன்றும் தவளை, இறந்து உயிர்ப்பதன் அடையாளமாகிவிட்டிருந்தது. அந்நாட்டில் திருமுழுக்குப் பெற்ற நம் முன்னோர்கள் அந்த விளக்கைத் தூக்கி எறியவில்லை. அப்படிப்பட்ட ஒரு விளக்கில், "உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே" என்று ஆண்டவர் மார்த்தாவிடம் சொன்ன வாக்கை நினைவூட்டும் கிரேக்கச் சொற்களைப் பொறித்திருக்கிறார்கள். வாதையாக வந்த உயிரினம் உயிர்ப்பின் விளக்கை ஏந்தியது. திருவெளிப்பாடு நூலில் தீய ஆவிகள் தவளையைப் போலத் தோன்றுவதும் உண்மைதான். அதனால் ஐரோப்பிய ஓவியர்கள் நரகத்தையும் பாவத்தையும் வரையும்போது தேரையை வரைந்தார்கள். ஓர் உயிரினத்தைச் சாபமாகப் பார்ப்பதா, அடையாளமாகப் பார்ப்பதா என்பது பார்க்கிற கண்ணைப் பொறுத்தது.

சாபமாகப் பார்ப்பதால் வரும் கேடு நமக்குப் புதிதல்ல. தேங்காயை உடைத்து உள்ளே பருப்பில்லாவிட்டால் 'தேரை மோந்துவிட்டது' என்போம். அதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் கைக்குழந்தை மெலிந்து, தோல் சுருங்கி, வயிறு ஒட்டிப்போனால் 'தேரை விழுந்துவிட்டது' என்கிறோமே, அது அப்படிப்பட்டதல்ல. அந்தக் குழந்தைக்கு வந்திருப்பது சத்துக்குறைவு. அல்லது நிற்காத வயிற்றுப்போக்கு. அல்லது உள்ளே இருக்கும் வேறொரு நோய். தேரையின் மேல் பழியைப் போட்டு மந்திரிக்கப் போகும் ஒவ்வொரு நாளும் குழந்தையின் உயிர் கரைகிறது. போதாததற்கு, "நீ எதைப் பார்த்தாய், எதை மிதித்தாய்" என்று தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம். பிள்ளைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் விசுவாசிகளாகிய நம் கடமை. தேரை எந்தக் குழந்தையின் மேலும் விழுவதில்லை. நம் அலட்சியம்தான் விழுகிறது.

மழைக்காகத் தவளைக்குக் கல்யாணம் செய்து வைக்கும் வழக்கமும் நம் நாட்டில் உண்டு. அசாமில் அதற்குப் 'பேகுலி பியா' என்று பெயர். தமிழகத்துச் சிற்றூர்களிலும் வறட்சிக் காலத்தில் செய்திருக்கிறார்கள். 2019 சூலையில் போபாலில் இரண்டு தவளைகளுக்குக் கல்யாணம் நடந்தது. பிறகு அளவுக்கு மீறி மழை கொட்டியதால் செப்டம்பரில் அவற்றைப் பிரித்து வைத்தார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. நாம் சிரிக்கலாம். ஆனால் அந்த ஏழை உழவர்களுக்குத் தெரிந்த ஓர் உண்மை நமக்கு மறந்துபோயிருக்கிறது: தவளைக்கும் தண்ணீருக்கும் உறவு உண்டு. தவளை கத்துவதால் மழை வருவதில்லை. ஆனால் தவளை இருக்கிற இடத்தில் தண்ணீர் இருக்கிறது.

அன்பானவர்களே, இப்போது இரண்டு புனிதர்களைச் சந்திப்போம். எட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் அமியேன் நகருக்கு அருகே உல்ஃபியா என்ற கன்னியர் தனிமையில் தவமிருந்தார். இரவெல்லாம் தவளைகள் கத்தியதால் தூக்கம் கெட்டு, விடியலில் அயர்ந்து தூங்கி, காலைச் செபத்தைத் தவறவிட்டார். தவளைகளை அமைதியாக்கும்படி மன்றாடினார். அவை அடங்கின என்கிறது மரபுக் கதை. நம்மில் பலர் அவர் பக்கம்தான்.

மற்றவர் பென்னோ. பதினோராம் நூற்றாண்டில் செருமனி நாட்டின் மெய்சன் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர். 1523-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இவர் ஒருநாள் செபித்துக்கொண்டே வயல் வழியாக நடந்தாராம். சதுப்பில் இருந்த தவளை ஓயாமல் கத்தியது. பொறுமையிழந்த ஆயர் "வாயை மூடு" என்றார். அமைதி உண்டானது. நிம்மதியாகச் செபத்தைத் தொடர்ந்தவருக்குத் தானியேல் நூலில் தீச்சூளைக்குள் நின்று மூன்று இளைஞர்கள் பாடிய பாட்டு நினைவுக்கு வந்தது. நீரில் வாழும் உயிர்களையும் காட்டு விலங்குகளையும் ஆண்டவரைப் புகழும்படி அழைக்கும் பாட்டு அது. ஆயர் நின்றுவிட்டார். "என் செபத்தைவிட இந்தத் தவளையின் பாட்டு ஆண்டவருக்கு இனிமையாக இருந்தால்? நடுவில் புகுந்து அதை நிறுத்த நான் யார்?" என்று அஞ்சினார். திரும்பிப் போய், வழக்கம்போலக் கடவுளைப் புகழும்படி தவளைகளுக்குச் சொன்னார். வயல்வெளி முழுவதும் மீண்டும் பாட்டு எழுந்தது.

நம் நாட்டு இயேசு சபைக் குருவான அந்தோனி டி மெல்லோவின் நூல் ஒன்றின் பெயரே தவளையின் செபம்தான். அவர் 1987-இல் இறந்தபின், 1988-இல் வெளிவந்தது. அதன் முதல் கதையும் செபிக்கும் துறவி ஒருவரையும் கத்தும் தவளையையும் பற்றியது. பென்னோவின் குரல் எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்து நம்மிடம் வந்திருக்கிறது. கத்தும் தவளையில் வேதம் ஓதுவோரைக் கண்ட பழைய பாட்டை முன்னே பார்த்தோம். ஆயர் ஒருவர் தவளையிடம் மன்னிப்புக் கேட்காத குறையாகத் திரும்பி நடந்ததை இப்போது கேட்டோம். இரண்டும் ஒரே உண்மையைத் தொடுகின்றன.

இந்த உண்மையை நம் மலையில் வைத்துப் பார்ப்போம். செண்பகனூரில் 1895-இல் திருஇருதயக் கல்லூரியை நிறுவிய இயேசு சபையினர், இறையியல் நூல்களுக்குப் பக்கத்திலேயே பூச்சிகளையும் பறவைகளையும் செடிகளையும் சேர்த்து வைத்தார்கள். நம்மில் பலர் பள்ளிப் பருவத்தில் வரிசையாகப் போய்ப் பார்த்த அருங்காட்சியகம் அப்படி உருவானதுதான். அருள்தந்தை ஆங்லாட் மலைச்செடிகளை வண்ணத்தில் வரைந்தார். அருள்தந்தை ஃபோரோ யாரும் குனிந்து பார்க்காத பாசிகளைப் பொறுக்கி ஆராய்ந்தார். அருள்தந்தை மத்தேயு பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999-இல் வெளியிட்டார். கடவுள் படைத்ததைக் குனிந்து பார்ப்பதும் ஒருவகை ஆராதனை என்பதை அவர்கள் நமக்குக் காட்டினார்கள்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் நம் தவளைகள் எப்படிப்பட்டவை தெரியுமா? சோலைக்காட்டில் ஓர் அங்குல அளவே உள்ள புதர்த்தவளை இருக்கிறது. அதற்குக் கொடைக்கானலின் பெயரையே ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள். இந்த இனத்துக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈரமான இலைக்கு அடியில் முட்டையிடும். முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளியே வரும். குளம் தேவையில்லை; ஆனால் காட்டின் ஈரமும் மூடுபனியும் இல்லாவிட்டால் முட்டை காய்ந்துவிடும். பழனி மலையின் ஓடைக்கரைகளில் வாழும் மரத்தவளை ஒன்றை 2008-இல்தான் அறிவியல் உலகம் தனி இனமாக அறிந்தது. ஆய்வாளர் பிஜுவும் அவருடைய பெல்ஜிய நண்பர்களும் அதன் கண்ணில் இருக்கும் கோலத்தைப் பார்த்து 'விண்மீன் விழி' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். நம் கொல்லைப்புற ஓடையில் விண்மீனைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஓர் உயிர் காலங்காலமாகப் பாடிக்கொண்டிருந்தது, நமக்குத் தெரியவில்லை. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கும் ஊதாத் தவளையைக் கேரளத்து இடுக்கிப் பகுதியிலிருந்து 2003-இல் அறிவித்தார்கள். 2017-இல் அதன் உறவினம் ஒன்றைத் திருவில்லிபுத்தூர் மலைப்பக்கத்தில் கண்டு, தமிழகத்து ஆய்வாளர் பூபதியின் நினைவாகப் பெயரிட்டார்கள். கல்லுக்குள் தேரை என்று பாட்டி சொன்னது வெறும் பேச்சல்ல போலும்.

தவளை தன் தோலாலும் மூச்சு விடுகிறது. ஆகவே தண்ணீரில் கலக்கும் நஞ்சு முதலில் அதன் உடம்பில் ஏறும். உருளைக்கிழங்குக்கும் காரட்டுக்கும் நாம் அடிக்கும் மருந்து மழையில் கரைந்து ஓடைக்குப் போகிறது. அந்த ஓடை கீழே போய் மஞ்சளாற்றிலும் வைகையிலும் சேர்கிறது. அதையே நம் உறவினர்கள் குடிக்கிறார்கள். புல்வெளிகளில் சீகையும் தைலமரமும் பைனும் நட்டது போன தலைமுறை. சதுப்பை மண் கொட்டி மூடி விடுதி கட்டுவது நம் தலைமுறை. 2023-இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீட்டின்படி, தவளை உள்ளிட்ட நீர்நில வாழ்வனவற்றில் ஏறக்குறைய 41 விழுக்காடு இனங்கள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன.

ஒருகாலத்தில் நம் நாட்டு வயல்களிலிருந்து பெருந்தவளைகளைச் சாக்குச் சாக்காகப் பிடித்து, காலை மட்டும் வெட்டி, வெளிநாட்டு உணவு மேசைகளுக்கு அனுப்பினோம். பூச்சி தின்னும் தவளை போய்விட்டால் வயலில் பூச்சி பெருகும் என்று அறிஞர்கள் எச்சரித்தார்கள். 1987-இல் அந்த ஏற்றுமதியை அரசு தடைசெய்தது. இப்போது விடுதலைப் பயண நூலைத் திரும்பப் புரட்டுவோம். எகிப்தில் தவளைகள் செத்துக் குவியல் குவியலாகக் கிடந்தன, நாடே நாறியது. அடுத்து வந்த வாதை என்ன? கொசுக்கள். அதற்கடுத்தது? ஈக்கள். ஒன்று மற்றதற்குக் காரணம் என்று திருநூல் சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசை, மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சலோடு மருத்துவமனையில் நிற்கும் நம்மை யோசிக்க வைக்கட்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், நம்மால் ஆயிரக்கணக்கான உயிரினங்கள் இனிமேல் தங்கள் இருப்பால் கடவுளை மகிமைப்படுத்த முடியாமல் போகின்றன, அப்படிச் செய்ய நமக்கு உரிமை இல்லை என்று வருந்தினார். பென்னோ ஆயர் ஒரு தவளையை ஒரு சில நிமிடங்கள் அமைதியாக்கியதற்கே அஞ்சினார். நாம் ஓர் இனத்தையே என்றென்றைக்கும் அமைதியாக்கிவிட்டு, அமைதியாகத் தூங்குகிறோம்.

என்ன செய்யலாம்? பெரிய காரியம் வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் ஊற்று கசியும் இடம் இருந்தால் மண் கொட்டி மூடாமல் விடுவோம். மருந்துத் தெளிப்பானை ஓடையில் கழுவாமல் இருப்போம். தேரையைக் கண்ட பிள்ளை கல்லெடுத்தால் கையைப் பிடித்துக்கொண்டு விண்மீன் விழியின் கதையைச் சொல்வோம். மெலிந்த குழந்தையோடு நிற்கும் தாயைக் கண்டால் பழி சொல்லாமல் உடன் நடப்போம். இவற்றில் எதையும் "நாளைக்கு" என்று பார்வோனைப்போலத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்று இரவு செபமாலை சொல்லும்போது வெளியே தவளை கத்தினால் சன்னலைச் சாத்தாதிருப்போம். நாம் ஒரு மறையுண்மை சொல்ல, அவை ஒன்று சொல்லட்டும்.

மன்றாடுவோமாக. கல்லுக்குள் தேரைக்கும் கருவறையில் குழந்தைக்கும் படியளக்கும் தந்தையே, இந்த மலையையும் இதன் ஊற்றுகளையும் இதில் பாடும் சிற்றுயிர்களையும் எங்கள் கையில் ஒப்படைத்தீர். எங்கள் செபத்தால் அவற்றின் புகழ்ச்சியை அடக்காமல், அவற்றோடு சேர்ந்து உம்மைப் போற்ற எங்களுக்குத் தாழ்ச்சியைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.